காலை வேலையை விட்டுவிட்டேன்

என்னங்க,

இரவுக் காவல் முடிந்து வந்ததும் ஃபிளாஸ்கைத் தேடியிருப்பீர்கள். இன்று டீ போட்டு வைக்கவில்லை.

குறைந்தபட்சக் கூலியை ஏற்றிவிட்டார்கள் இல்லையா, எங்கள் சலவைக்கூடத்திலும் கொடுத்துவிட்டார்கள். முதலாளிக்கு முகம் சுண்டிப்போனது. "இனிமே டீ அவங்கவங்க காசுல" என்று சொல்லிவிட்டார். குடித்துக்கொள்கிறோம்.

ஒரு சம்பளமே போதும் என்று, விடியும் முன் ஆபீஸ் பெருக்கப் போகிற வேலையை நேற்றோடு விட்டுவிட்டேன்.

இத்தனை நாளும் நீங்கள் வருவதற்குள் நான் கிளம்பிவிடுவேன், நான் திரும்புவதற்குள் நீங்கள். சண்டையைக்கூடக் காகிதத்தில்தான் போட்டோம். நீங்கள் குறட்டை விடுவீர்களா என்பதே மறந்துவிட்டது. "நீயும் அப்பாவும் பேசிக்கிறதில்லையாம்மா?" என்று மகள் கேட்டாள். "கோபம் இல்லடி, ஷிஃப்ட்டு" என்றேன்.

உள்ளேதான் படுத்திருக்கிறேன். படித்ததும் எழுப்புங்கள், சூடாகப் போட்டுத் தருகிறேன்.

உங்கள் வீட்டுக்காரி