கழிவறை அட்டை இரண்டு, ஆள் இருபத்தெட்டு

நவம்பர் 4, செவ்வாய்

விடியற்காலையிலிருந்து பத்து பாகாட் ஊர் முழுக்க மழை. தொழிற்சாலை வாசலில் கணுக்கால் அளவு தண்ணீர். நாள் முழுக்க ஈரச் சாக்ஸ்.

பலகையில் புது டார்கெட்: ஷிப்டுக்கு 540 சட்டை. போன வாரம் 480. என் லைனில் தைப்பவர்கள் இருபத்தெட்டுப் பேர், சூப்பர்வைசர் நான். ஓவர்டைம் இன்றும் ஏழு மணி வரை.

மானேஜர் டானின் புது விதி: கழிவறைக்குப் போக அட்டை. லைனுக்கு இரண்டே இரண்டு. இரண்டும் என் கழுத்தில். என்னைவிட வயதில் மூத்த பெண்கள் வந்து கை நீட்டிக் கேட்கிறார்கள். கொடுக்கவே கூச்சம்.

வரும் வழியில் கிளினிக். பிரஷர் 160/100. டாக்டர்: "உப்பையும் டென்ஷனையும் குறைங்க." உப்பு சரி.

வாங்க: முட்டை, சோப்பு, சாக்ஸ் இரண்டு ஜோடி.

நவம்பர் 6, வியாழன்

எழுத மனம் வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

மாலா, காலர் தைப்பவள். யொங் பெங்கிலிருந்து பஸ்ஸில் வருபவள். இரண்டரைக்கு அட்டை கேட்டாள். இரண்டும் வெளியே போயிருந்தன. ஒன்று திரும்பி வந்தபோது டான் என் பின்னால் நின்று பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது சட்டை பின்தங்கியிருந்தோம்.

"பத்து நிமிஷம் இரும்மா" என்றேன்.

மறந்துவிட்டேன். அவளும் மறுபடி கேட்கவில்லை.

மூன்று நாற்பதுக்கு ஊசி அவள் இடது ஆள்காட்டி விரல் நகத்தில் இறங்கியது. கத்தவில்லை. "அக்கா" என்று ஒரே தடவை. மெஷினை நிறுத்தி, சக்கரத்தைக் கையால் சுற்றி ஊசியைத் தூக்கினேன். அவள் உட்கார்ந்திருந்த ஸ்டூல் நனைந்திருந்தது. என் ஜாக்கெட்டைக் கழற்றி அவள் இடுப்பில் கட்டினேன்.

என் காரில் கிளினிக்குக் கூட்டிப்போனேன். வழியெல்லாம் ஒரே கேள்வி: "என்னால எத்தனை பீஸ் நின்னுச்சுக்கா?"

இரண்டு நாள் எம்.சி., மருத்துவ விடுப்பு.

நவம்பர் 7, வெள்ளி

விபத்து ஃபாரம். 'காரணம்' என்று ஒரு கட்டம். அதில் தொழிலாளியின் கவனக்குறைவு என்று எழுதச் சொல்லி டானிடமிருந்து தகவல். மாலா ஏற்கெனவே ஓர் எச்சரிக்கைக் கடிதம் வாங்கியிருக்கிறாள். இரண்டாவது வந்தால் வேலை போகும்.

ஃபாரத்தைக் கொண்டுவந்தவள் ஆபீஸ் கவிதா. "ஒரு வரிதான் அக்கா. எழுதி சைன் போட்டு முடிச்சிடுங்க லா. எனக்கும் மேலேருந்து பிரஷர்."

"திங்கக்கிழம தரேன்."

"அவரு இன்னைக்கே கேட்டாரு."

"தல வலிக்குதும்மா. திங்கக்கிழம."

பொய் இல்லை. வலித்தது.

கணவரிடம் சொன்னேன். டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "பதினேழு வருஷ சர்வீஸ், சரோ. யோசிச்சி எழுது." என்ன எழுத வேண்டும் என்று சொல்லவில்லை.

நவம்பர் 8, சனி

கேண்டீனில் மன அழுத்தத்தைக் குறைப்பது பற்றிப் பேச்சு. கட்டாயம். அதில் போகும் இரண்டு மணி நேரத்தை மதியம் தைத்து ஈடுகட்ட வேண்டும்.

பேச வந்தவர் கோலாலம்பூர் பெண்மணி. நல்லவர், மெதுவான குரல். கண்ணை மூடி, நாலு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விடச் சொன்னார். உண்மையிலேயே நெஞ்சு கொஞ்சம் லேசானது. பிறகு, தினமும் எட்டு கிளாஸ் தண்ணீர் குடியுங்கள் என்றார்.

பின்வரிசையிலிருந்து மலாயில் ஒரு குரல்: "அட்டை யார் தருவா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவருக்குப் புரியவில்லை. முன்னால் உட்கார்ந்திருந்தவளிடம் கேட்டார், அவள் விளக்கினாள். அவர் சிரிக்கவில்லை, டானைப் பார்த்தார். டான் போனைப் பார்த்தார்.

நவம்பர் 10, திங்கள்

மழை விட்டிருக்கிறது. மாலா வேலைக்கு வந்துவிட்டாள். ஒரு கையால் நூல் வெட்டுகிறாள்.

அட்டைகளைக் கழற்றி மேசையில் வைத்தேன். "வேணுங்கிறவங்க போயிட்டு வாங்க. என்னைக் கேக்க வேணாம்." பத்தரைக்கு லைனை ஏழு நிமிடம் நிறுத்தினேன். யாரும் எழவில்லை, என் முகத்தையே பார்த்தார்கள். மூன்றரைக்கு மறுபடி நிறுத்தியபோது எழுந்தார்கள். முதுகை நிமிர்த்தி, தண்ணீர் குடித்து, ஒருத்தி சும்மா ஜன்னல் ஓரம் போய் நின்றாள். ஷிப்ட் முடிவில் 498. வெள்ளிக்கிழமை, நிறுத்தாமல் தைத்து, 491.

பிறகு ஃபாரம். 'காரணம்' கட்டத்தில்: இரண்டரைக்குக் கழிவறை போகக் கேட்டார். சூப்பர்வைசர் மறுத்தார். மூன்று நாற்பது வரை எழவில்லை. இருபத்திரண்டு வேலை நாளாகத் தொடர்ந்து ஓவர்டைம் (ஓ.டி.).

கீழே என் கையெழுத்து.

டான் இரண்டு தடவை படித்தார். "உன்னையே மாட்டிவிட்டிருக்கிறாய், தெரியுமா?" மலாயில்தான், குரலை உயர்த்தாமல்.

நடந்ததைத்தான் எழுதியிருக்கிறேன் என்றேன்.

திருத்தித் தர நாளை வரை நேரம் தந்திருக்கிறார்.

நவம்பர் 11, செவ்வாய்

திருத்தவில்லை. காலையில் பிரஷர் மாத்திரை போட்டேனா, நினைவில்லை. டான் என் பக்கம் வரவே இல்லை. வந்து திட்டியிருந்தால் தேவலை.

நவம்பர் 13, வியாழன்

எச்சரிக்கைக் கடிதம், என் பெயருக்கு. நாளையிலிருந்து நான் பேக்கிங் பகுதியில். மாலாவுக்குக் கடிதம் இல்லை. அட்டை விதி 'பரிசீலனையில்' இருக்கிறதாம். என் லைனுக்கு இரண்டு வாரம் ஓ.டி. கிடையாது.

ஐந்து மணிக்கு பஸ் நிறுத்தத்தில் மாலாவைப் பார்த்தேன். காரை ஓரம் கட்டி இறங்கினேன்.

"ஓ.டி. இல்லன்னா எனக்கு ரொம்ப கஷ்டம்க்கா. எழுதுறதுக்கு முன்னாடி என்னைய ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்."

கேட்டிருக்கலாம். தோன்றவே இல்லை.

"தப்புதாம்மா."

"அன்னைக்கு மறந்துட்டீங்களா, இல்ல வேணும்னே குடுக்கலையா?"

"மொதல்ல பயம். டான் பின்னால நின்னாரு. அப்புறம் மறந்துட்டேன்."

"மறுத்துட்டேன்னு எழுதியிருக்கீங்க. கவிதா காட்டுனா."

"ரெண்டும் ஒண்ணுதானே."

பஸ் வந்தது. கட்டுப் போட்ட விரலைத் தூக்கிப் பிடித்தபடி ஏறினாள். படியில் நின்று திரும்பினாள்.

"நாளையிலேருந்து எங்க லைனுக்கு சூப்பர்வைசர் யாரு அக்கா?"

தெரியவில்லை என்றேன்.