அஞ்சலையம்மாவுக்கு வந்த விசாகம்

அன்புத் தம்பி குமரா,

நான் கூச்சல் போட்ட நேரம் கோவில் அலுவலக அறையில் இருந்தது நான், உன் மாமா, குருக்கள், அஞ்சலையம்மா, அவ்வளவு பேர்தான். மேசைமேல் உன் லேப்டாப். உன் அர்ச்சனை புரோகிராம் ஓடிவிட்டதுடா! நான் கத்திய கத்தலில் குருக்கள் கையிலிருந்த விபூதித் தட்டே ஆடிப்போனது.

நீ கண்ணை மூடியபின், பாதியில் நின்ற வேலையை யாரும் தொடத் துணியவில்லை. லேப்டாப் மூடிக் கிடந்ததைப் பார்க்கப் பார்க்க எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. சமையலை முடித்து, சாமிக்கு விளக்கேற்றிவிட்டு, யூடியூப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன்.

பக்தர்கள் போனில் அனுப்பும் பேரும் நட்சத்திரமும் ஜேசன் (JSON) என்ற வடிவில் வருகிறது. அது வெறும் எழுத்து. நீ ‘பக்தர்’ என்று எழுதி வைத்திருந்த கிளாஸ் (class) என்ற வார்ப்புக்குள் அதை ஊற்றினால், ஒவ்வொருவரும் தனித்தனி ஆப்ஜெக்டாக எழுந்து நிற்கிறார்கள். கொழுக்கட்டை அச்சு மாதிரிதானே என்று நினைத்தேன். ஆனால் இங்கே கொழுக்கட்டையைத் திரும்ப மாவாக்கவும் வேண்டும்! அர்ச்சனை முடிந்ததும் ஆப்ஜெக்டை மறுபடி ஜேசனாக்கிச் சேமித்தால்தான் அடுத்த மாதமும் அந்தப் பேர் இருக்கும். என்ன அழகுடா அது! இதைத்தான் நாள் முழுக்கச் செய்துகொண்டு இருந்தாயா நீ?

முதலில் ஓட்டியபோது பாதிப் பேரைக் காணோம். எஸ்டேட்டில் பிறந்த பெரியவர்கள் பலருக்கு நட்சத்திரம் தெரியாது. அந்த இடம் காலியாக வரும். கிளாஸ் அவர்களைத் தள்ளிவிட்டது. நம் கோவில் வழக்கம் உனக்குத் தெரியும், நட்சத்திரம் தெரியாதவர்களுக்கு முருகனின் விசாகத்தைச் சொல்லி அர்ச்சனை செய்வோம். காலியாக இருந்தால் விசாகம் போடு என்று ஒரு வரி சேர்த்தேன். அத்தனை பேரும் வந்துவிட்டார்கள். அதற்குத்தான் அந்தக் கத்தல்.

அஞ்சலையம்மா, அதுதான் பெண்டாங் பக்கத்து எஸ்டேட்டில் ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுத்தவர், திரையில் தன் பேரைத் தேடினார். “பக்கத்துல என்னாம்மா எழுதியிருக்கு?”

“விசாகம்னு இருக்குங்க,” என்றார் உன் மாமா.

“எம் நச்சத்திரம் விசாகமா! பொறந்த தேதியையே எஸ்டேட்டு ஆபீசுல எழுதுற கிராணி தோணுனபடி போட்டுட்டான். இத்தன வருசங்கழிச்சு கம்ப்யூட்டரு கண்டுபிடிச்சிருச்சே லா!”

திரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மறுநாள் பாசாரில் மீன்காரர்வரைக்கும் சொல்லியாகிவிட்டது. மாதாமாதம் விசாகத்துக்கு விரதமாம்.

எனக்கோ கணக்கு எழுதிப் பழகிய புத்தி. உள்ளே போன ஜேசனையும் வெளியே வந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டேன். காலியாகப் போனவர்கள் எல்லாரும் விசாகத்தோடு திரும்பியிருந்தார்கள். தெரியாது என்பதே அழிந்துபோயிருந்தது.

“ஊரே ஒரே நட்சத்திரத்துல பொறந்திருக்கு. கேக் ஒண்ணு வெட்டினா போதும்,” என்று உன் மாமா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்போது சரிசெய்துவிட்டேன். ஆப்ஜெக்டுக்குள் காலி காலியாகவே இருக்கும். குருக்கள் படிக்கும் தாளில் மட்டும் விசாகம் வரும். உள்ளே போனது அப்படியே வெளியே வருகிறது! அடுப்படியில் குதித்தேன் தம்பி. நீ பார்த்திருக்க வேண்டும்.

பிறகு அஞ்சலையம்மா வீட்டுக்குப் போய், “அது உங்க நட்சத்திரம் இல்லம்மா, வழக்கத்துக்கு நான் போட்டது,” என்றேன்.

“அப்ப எனக்குப் பழையபடி ஒண்ணுமில்லியா?”

பிறகு அவரே என் கையைப் பிடித்தார். “இரு இரு. யாருக்கும் தெரியாதுன்னா முருகன் குடுத்ததாவே இருக்கட்டுமே. உன் மெசினுல அழிச்சிராத தாயீ.”

அதிலிருந்து இதே யோசனைதான். கிளாஸில் இன்னோர் இடம் சேர்க்கலாமா? ‘பிறந்த நட்சத்திரம்’ காலி, ‘ஏற்றுக்கொண்ட நட்சத்திரம்’ விசாகம். அப்படிச் சேமித்தால் சாமி முன்னால் பொய்யாகுமா? இல்லை, அஞ்சலையம்மா கேட்டதைக் கொடுத்ததாகுமா? நீயாக இருந்தால் என்ன எழுதியிருப்பாய்?

இந்த புரோகிராமை நான் கைவிட மாட்டேன். யார் பேரும் விடுபடாது, யார்மேலும் தெரியாததை ஒட்டவும் மாட்டேன். இது உனக்கு என் சத்தியம்.

வரும் வெள்ளிக்கிழமை அஞ்சலையம்மா கோவிலுக்கு வருவார். அதற்குள் கனவிலாவது வந்து சொல்லு. சீக்கிரம் பதில் போடுடா.

உன் கூடப்பிறந்தவள்,
பாக்கார் ஆராங்கிலிருந்து அக்கா