வலது காதுப் பக்கம்

11-06-2017, ஞாயிறு

முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது ஓசூரிலிருந்து இசைப்பிரியா பேசினாள். வழக்கம்போல ஸ்பீக்கரைப் போட்டு, போனைக் குண்டானுக்குள் வைத்துக் கேட்டேன். குண்டானுக்குள் வைத்தால் சத்தம் கூடும். பத்தாவதோடு நின்றவன் செய்த ஒரே கண்டுபிடிப்பு. இடது காது சுத்தமாகப் போய்விட்டது, வலதில் பாதி. வேறென்ன செய்வது?

"அப்பா, உங்கள ஒரு சைட்டுல சேத்திருக்கேன். தனியா இருக்கவங்க பேசிப் பழகிப் பாக்குற சைட்டு. திட்டாதீங்க."

திட்டவில்லை. ஆதிலட்சுமி போய் ஆறு வருடம் ஆகிறது. மகள் அப்பனுக்குப் பெண் பார்க்கிறாள். நினைத்தால் சிரிப்பு வந்தது, கொஞ்சம் தாமதமாக.

அவள் போட்டிருக்கும் என் போட்டோ பத்து வருடப் பழசு. தலையில் முடி இருக்கிறது. மாற்றச் சொன்னேன். வருகிறவர்கள் வேறு ஆளைத் தேடிவிடக் கூடாது.

15-06-2017

வங்காளத்தில் ஒரு அம்மாவுக்குச் செய்தி அனுப்பினேன். இங்கிலீஷில்தான். மரியாதையாக இருக்கட்டும் என்று 'டியர் சிஸ்டர்' என்று ஆரம்பித்தேன். அனுப்பிய பிறகுதான் அது என்ன சைட் என்று ஞாபகம் வந்தது.

17-06-2017

பதில் வந்துவிட்டது. அவர் நர்ஸாம். 'டியூட்டியில் நாள் முழுக்க எல்லோரும் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். இங்கேயாவது வேண்டாமே. என் பெயர் ஷெஃபாலி.'

இரண்டு முறை படித்தேன். சிரிக்கத் தெரிந்தவர்.

02-07-2017, ஞாயிறு

ஷெஃபாலிக்கு நாற்பத்தொன்பது வயது. ராணிகஞ்ச் பக்கம் ஒரு நிலக்கரி ஊரில், சுரங்க ஆஸ்பத்திரியில் வேலை. கணவர் இறந்து எட்டு வருடம். பிள்ளைகள் இல்லை. அக்காவோடு குவார்ட்டர்ஸில் இருக்கிறார்.

அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு வங்காளம் தெரியாது. இரண்டு பேருக்கும் இங்கிலீஷ் அரைகுறை. ஆனால் ஷிஃப்ட், குவார்ட்டர்ஸ், மைன்ஸ், ஓவர்டைம் – பாதி வாழ்க்கையைச் சொல்ல அகராதியே தேவைப்படவில்லை. அங்கே கரி கருப்பு, இங்கே நெய்வேலியில் பழுப்பு. துணி காயப்போட்டால் படிகிற தூசி ஒன்றுதான்.

கணவர் போனதும் மீன் சாப்பிடக் கூடாது என்று அவர் வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். ஒரு வருடம் விட்டுப் பார்த்தாராம். பிறகு தானே சந்தைக்குப் போய் வாங்கிவந்து, தானே ஆக்கி, எல்லோர் முன்னாலும் உட்கார்ந்து சாப்பிட்டாராம். 'உங்கள் ஆட்கள் இதற்கு என்ன சொல்வார்கள்?'

'எனக்கு முள் எடுக்கத் தெரியாது' என்று எழுதினேன். இதுவா பதில்? கொஞ்சம் யோசித்து இன்னொன்று அனுப்பினேன். 'நீங்கள் சாப்பிட்டது சரி. சொல்ல வேறு யாருக்கும் ஒன்றும் இல்லை.'

தினமும் விடிகாலையில் நான் அனுப்பும் ரோஜாப்பூ குட்மார்னிங் படங்களை நிறுத்தச் சொன்னார். 'பூவைவிட, நேற்று என்ன சமைத்தீர்கள் என்று எழுதுங்கள்.' நேற்று சமைத்ததை எழுதுவதற்குப் பூவே மேல். இருந்தாலும் எழுதுகிறேன்.

அவர் போட்ட ஒரே கண்டிஷன்: தெரியாததை ஊகித்துக்கொள்ளாமல் கேட்க வேண்டும். இரண்டு பேருக்கும் இதே.

16-07-2017, ஞாயிறு

ஷிஃப்ட் மாறும்போது நாங்கள் செய்வதைச் சொன்னேன். போகிறவன், மண்ணும் கரியும் கொண்டுபோகும் கன்வேயர் பெல்ட் எப்படி ஓடுகிறது என்று சொல்ல வேண்டும். வருகிறவன் கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அப்புறம்தான் ரெஜிஸ்டரில் கையெழுத்து. அவர்கள் வார்டிலும் அதேதானாம். இங்கே பெல்ட், அங்கே நோயாளி.

அதிலிருந்து பேச்சு உடம்புக்குப் போயிற்று. தனக்குச் சர்க்கரை ஆரம்பம் என்று அவராகவே சொன்னார். 'உங்களுக்கு?'

'நார்மல்' என்று எழுதினேன்.

இருபத்தாறு வருடம் ரெஜிஸ்டரில் எழுதிய சொல். கை தானாக எழுதிவிட்டது. கை மேல் பழியைப் போடுகிறேன் பார்.

23-07-2017

போனில் குரலைக் கேட்க வேண்டும் என்கிறார். டவர் சரியில்லை என்றேன்.

29-07-2017

மறுபடி கேட்டார். ஜலதோஷம் என்றேன். மூன்று முறை அடித்தார், எடுக்கவில்லை. அவர் பேசுவது எனக்குப் புரியாது. அதுவும் இங்கிலீஷில், பழக்கமில்லாத குரலில். நான் எல்லாவற்றுக்கும் எஸ் எஸ் என்பேன். அப்புறம்?

04-08-2017, வெள்ளி

அவர் எழுதியதை அப்படியே தமிழில் வைக்கிறேன். 'பாபு' என்பது அவர்கள் ஊர் மரியாதை.

'தனகோட்டி பாபு, போனில் பேச மறுக்கிற ஆணுக்கு வீட்டில் மனைவி இருப்பாள், இல்லாவிட்டால் அவன் பெயரே வேறாக இருக்கும் என்று என் தம்பி சொல்கிறான். நான் அப்படி ஊகிக்க விரும்பவில்லை. அதனால் கேட்கிறேன். எதை மறைக்கிறீர்கள்? ஞாயிறு வரை பார்ப்பேன். அதற்குப் பிறகு எழுத மாட்டேன்.'

சாதம் வைத்தது வைத்தபடி இருக்கிறது.

05-08-2017, சனி

இடைவேளையில் பரீத்திடம் சொன்னேன். எனக்கு மறு ஷிஃப்டில் பதினாறு வருடமாக பெல்ட்டை வாங்கிக்கொண்டிருந்த ஆள். இப்போது ஒரே ஷிஃப்ட். என் வலது பக்கம் நின்று, கத்திப் பேசுவான்.

"காது கேக்காதுன்னு சொல்லிடு. அவ்ளோதான."

"சொன்னா ஓடிடுவாங்க பரீத்து."

"யோவ், பெல்ட்டுக்கு அடியில ரோலரு ஒடைஞ்சிகினு இருந்தத சொல்லாம நார்மல்னு எழுதிட்டு, நீ பாட்டுக்கு சைக்கிள எடுத்துகினு வூட்டுக்குப் போயிட்ட. ஞாபகம் இருக்கா? பெல்ட்டு கிழிஞ்சி, விடிய விடிய மண்ணு வாரிகினு இருந்தவன் நானு."

"அதுக்குத்தான் பிரியாணி வாங்கிக் குடுத்தனே."

"அந்தம்மாவுக்கும் வாங்கிக் குடுத்துடுவியா? ஒன்னையே நார்மல்னு எழுதி அவங்க கையில ஒப்படைக்கப் போற. அதுவும் நர்ஸம்மா. வாங்குன அன்னிக்கே ஒடைஞ்ச ரோலரு தெரிஞ்சிடும்."

டீயை ஆற்றிக்கொண்டிருந்தேன்.

"ஓடறதா இருந்தா தெரிஞ்சிகினு ஓடட்டும்யா. தெரியாம வந்து ஒக்காந்துகினு அழறதுக்கு அது மேல."

டீ காசை அவனே கொடுத்தான். அதுதான் பயமாக இருந்தது.

06-08-2017, ஞாயிறு

நாலு பேப்பரில் எழுதிக் கிழித்தேன். கடைசியில் ரெஜிஸ்டர் எழுதுகிற மாதிரியே எழுதினால்தான் வந்தது.

'பெயர்: தனகோட்டி. உண்மைப் பெயர்தான். ஓடிய காலம்: ஐம்பத்து நாலு வருடம். இடது காது: நின்றுவிட்டது. வலது காது: பாதி லோடு. காரணம்: கன்வேயர் பக்கத்தில் வேலை. கொடுத்த காதடைப்பைப் போடாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தது நான். வேறு மனைவி: இல்லை. போனில் பேசாததற்குக் காரணம்: நீங்கள் சொல்வது கேட்காது. கேட்காமலே சரி சரி என்று சொல்லிவிடுவேன், அந்தப் பழக்கம் எனக்கு உண்டு. போன மாதம் நார்மல் என்று எழுதியது பொய். மன்னிக்க வேண்டும்.'

காது டெஸ்ட் எடுத்த பேப்பரையும் போட்டோ பிடித்து அனுப்பினேன். கோடு கீழே கீழே போகும் அந்தப் படத்தை மகளுக்குக்கூடக் காட்டியதில்லை.

அனுப்பியதும் அவளிடமும் சொன்னேன். "எனக்கு எப்பவோ தெரியும்பா. நீங்க பேசும்போது குண்டான் சத்தம் கேக்குமே" என்றாள்.

07-08-2017

பார்த்துவிட்டார். பதில் இல்லை.

08-08-2017

இல்லை.

09-08-2017, புதன்

வந்தது.

'மூன்று நாள் கோபமாக இருந்தேன். காதுக்காக இல்லை. சர்க்கரை என்று நான் சொன்ன அன்று நீங்கள் நார்மல் என்று எழுதினீர்கள். நான் கதவைத் திறந்தேன், நீங்கள் ஜன்னலைக்கூடத் திறக்கவில்லை. அந்தக் கோபம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது, அது போக நாளாகும். அதுவரை எழுதிக்கொண்டிருக்கலாம். ஒரு கேள்வி: எந்தப் பக்கம் உட்கார்ந்து பேசினால் கேட்கும்?'

வலது என்று எழுதினேன். ஒரே ஒரு சொல். எழுதி முடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

27-08-2017, ஞாயிறு

முதல் வீடியோ கால். பெரிய நோட்டில் பெரிய எழுத்தாக எழுதிக் காட்டினார். நான் வாயால் பதில் சொன்னேன். நான் கத்தினேனாம், காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார். புரிந்ததைத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்று அவர்தான் விதி போட்டார், எங்கள் ஷிஃப்ட் மாதிரி. நாலில் ஒன்று தப்பாகச் சொன்னேன். திருத்தினார். முகம் சுளிக்கவில்லை.

முன்பு அவர் எழுதியதில் ஒன்றை நான் தப்பாக எடுத்திருந்தேன். எங்களுக்குள் கூடிவந்தால், அக்காவைத் தனியாக விட்டுவிட்டு இங்கே வந்துவிடுவார் என்று நினைத்திருந்தேன். அக்கா இல்லாமல் வரமாட்டார். கேட்டதால் தெரிந்தது.

07-10-2017, சனி

அக்காவுக்கு வைத்தியம் பார்க்க வேலூர் வந்திருக்கிறார்கள். பண்ருட்டி முந்திரி இரண்டு கிலோ வாங்கிக்கொண்டு முதல் பஸ்ஸில் போனேன். பிரியா ஓசூரிலிருந்து வந்துவிட்டாள். அங்கிருந்து அவ்வளவு பேர் வைத்தியத்துக்கு வருகிறார்கள், ஆஸ்பத்திரி ரோட்டில் பாதி போர்டு வங்காள எழுத்தில். நம் ஊரில் நான்தான் படிக்கத் தெரியாமல் நின்றேன். ஷெஃபாலிதான் படித்து ஓட்டலைக் கண்டுபிடித்தார். பேசுவதற்கு இடமும் நேரமும் அவர் சொன்னதுதான்.

நீள பெஞ்சு. எனக்கு வலது பக்கம் அவர் அக்கா உட்கார்ந்துவிட்டார், இடது பக்கம் ஷெஃபாலி. இங்கிலீஷில் பேசத் தொடங்கினார். நான் பழக்கதோஷத்தில் தலையாட்டப் போய், நிறுத்தி, "கேட்கவில்லை" என்றேன். பிரியா என்னை நிமிர்ந்து பார்த்தாள். அப்பன் வாயிலிருந்து அந்தச் சொல்லை அவள் கேட்பது முதல் தடவையாக இருக்கும்.

ஷெஃபாலி அக்காவிடம் வங்காளத்தில் ஏதோ சொன்னார். அக்கா சிரித்துக்கொண்டே தட்டோடு எழுந்தார். ஷெஃபாலி சுற்றி வந்து என் வலது பக்கம் உட்கார்ந்தார்.

"டிசம்பரில் அக்காவோடு நெய்வேலி வருகிறேன். திருப்பிச் சொல்லுங்கள்."

"டிசம்பர். நெய்வேலி. அக்காவும் நீங்களும் வருகிறீர்கள்."

ஒரு விரலைத் தூக்கினார். "இப்போதைக்குப் பார்க்க மட்டும்."

"பார்க்க மட்டும்" என்றேன்.

"சரி" என்று சொல்லிவிட்டு, என் தட்டில் இருந்த மீனை இழுத்து வைத்து முள் எடுக்க ஆரம்பித்தார்.