ஒன்பதாம் நம்பர் மட்டை

மார்ச் 3

அன்புள்ள பொடியனுக்கு,

ஐம்பத்தெட்டு வயதானாலும் எனக்கு நீ பொடியன்தான். என் கோல்ஃப் அயர்ன் மட்டைகள் ஏழையும் உன் கடைக்குப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். தோள் ஆபரேஷனுக்குப் பிறகு டாக்டர் விளையாடலாம் என்று சொல்லி இரண்டு மாதம் ஆகிறது. பந்துதான் முன்போலப் போகவில்லை. ஷாஃப்ட் எல்லாம் பழசாகிவிட்டது. ஏழுக்கும் புதுத் தண்டு போட்டுக் கொடு. அதே ஸ்டிஃப், நல்ல விறைப்பானதாக. ஏழாம் நம்பரில் அடித்தால் இன்றைக்கும் மைதானத்துக் குளத்தைத் தாண்டுகிறது, தெரியுமா?

வீட்டில் என்னைக் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி நடத்துகிறார்கள். ஜாம் பாட்டிலை என்னால் திறக்க முடியாவிட்டால், "மூடி கொஞ்சம் மக்கர் பண்ணுதும்மா" என்கிறாள் மகள். அவள் கை பட்டதும் அது சமர்த்தாகத் திறந்துகொள்கிறது. மூஞ்சிக்கு நேராகப் பேச நீ ஒருத்தன்தான் பாக்கி.

உன் அக்கா

மார்ச் 11

அன்புள்ள அக்காவுக்கு,

மட்டைகள் வந்து சேர்ந்தன. மேஜையில் வரிசையாக வைத்துப் பார்த்தேன். முன்பெல்லாம் பந்து பட்ட தழும்பு நடுவில் ஒரே இடத்தில் இருக்கும். இப்போது கீழோரமெல்லாம் சிதறிக் கிடக்கிறது. ஷாஃப்டில் ஒரு கோளாறும் இல்லை. கை வேகம் குறைந்துவிட்டால் விறைப்பான ஷாஃப்ட் அசையவே அசையாது. பந்து தாழ்வாக வலப்பக்கம் ஓடும். கல்லை அடித்த மாதிரி முழங்கை வரை விண்ணென்று தெறிக்கும். ஒரு படி இறங்கி ரெகுலர் போடலாம். அது கொஞ்சம் வளைந்து பந்தை மேலே தூக்கிவிடும். கடைக்கு வந்து மெஷின் முன்னால் பத்துப் பந்து அடி, உன் வேகம் எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

கோபித்துக்கொள்ளாமல் சொல். நிஜமாகவே குளத்தைத் தாண்டுகிறதா?

தம்பி

மார்ச் 15

பொடியா,

தாண்டுகிறது என்றால் தாண்டுகிறது. மெஷினும் வேண்டாம், மண்ணாங்கட்டியும் வேண்டாம். முப்பது வருஷம் விளையாட்டு டீச்சராக விசில் ஊதியவளுக்கு நீ பாடம் எடுக்காதே. ஸ்டிஃப் போட முடியாதென்றால் சொல்லிவிடு, வேறு கடை பார்த்துக்கொள்கிறேன்.

அக்கா

மார்ச் 28

அக்கா,

நீ கேட்டபடியே முடித்து அனுப்பியிருக்கிறேன். ஸ்டிஃபுக்கு உண்டான 'எஸ்' எழுத்து ஷாஃப்டில் இருக்கிறது, பார்த்துக்கொள். சந்தோஷமா? தோள் பத்திரம்.

தம்பி

ஏப்ரல் 20

'அன்புள்ள' போட மனசு வரவில்லை.

மூன்று வாரம் ராணி மாதிரி ஆடினேன். பந்து உயரமாய், நேராய்ப் போனது. பெண்கள் போட்டியில் ஜெயித்தேன். டீ குடிக்கும்போது எல்லோர் முன்னாலும், "இந்த வயசுலயும் நான் ஸ்டிஃப்தான்!" என்று பீற்றிக்கொண்டேன். சம்பந்தியம்மா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் பையைக் குடைந்தார். "இதுல ஆர்னு போட்டிருக்கே சம்பந்தி, ஆர்னா ரெகுலர்தானே?" என்றார். ஒன்பதாம் நம்பர் மட்டை. மற்ற ஆறையும் நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். நீ ஒட்டிய 'எஸ்' ஸ்டிக்கருக்கு அடியில் எல்லாமே 'ஆர்'.

சின்ன வயதிலும் இப்படித்தான், எந்த வேலையிலும் கடைசி ஒன்றை மறப்பாய். திருட்டுத்தனத்தைக்கூட முழுசாய்ச் செய்யத் தெரியவில்லை உனக்கு.

மானம் போனதுகூடப் பெரிசில்லை. மூடி மக்கர் பண்ணுகிறது என்று நீயும் சொல்லிவிட்டாயே, அதுதான் தாங்கவில்லை. இனி எனக்கு எழுதாதே.

ஏப்ரல் 26

அக்காவுக்கு,

எழுதாதே என்றாய். இது ஒன்று மட்டும்.

தப்பு என்னுடையது. ஸ்டிஃப் போட்டால் உன் தோள் மறுபடி போய்விடும் என்று பயம். முடியாது என்று சொல்லி உன்னோடு சண்டை போட அதைவிடப் பயம். அந்த ஸ்டிக்கர் உனக்காக வாங்கியதில்லை. நாலு வருஷமாக என் மட்டைகளிலும் அதுதான் ஒட்டியிருக்கிறது. கடைக்காரனே ரெகுலருக்கு இறங்கிவிட்டான் என்று வருகிறவர்கள் சிரிப்பார்களே என்ற வெட்கம். அதே கைதான் உன்னுடையதிலும் ஒட்டியது. ஒன்பதாம் நம்பருக்கு வரும்போது மனசு உறுத்தியது. ஸ்டிக்கரைக் கீழே வைத்துவிட்டு யோசித்தேன். அப்புறம் எடுத்து ஒட்ட மறந்துபோனேன்.

மன்னித்துவிடு.

உன் பொடியன்

மே 4

அன்புள்ள பொடியனுக்கு,

உன் கடிதத்தை மூன்று நாள் டிராயரில் போட்டுப் பூட்டி வைத்திருந்தேன். சாவி என் கையிலேயே இருந்தது, அது வேறு விஷயம்.

முதல் பொய் என்னுடையதுதான். ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு பந்துகூடக் குளத்தைத் தாண்டவில்லை. பதினோரு பந்து தண்ணீருக்குள் கிடக்கிறது. நீ ரெகுலர் போட்டுக் கொடுத்த பிறகுதான் இரண்டு தாண்டியது.

வெந்நீரில் துணியை நனைத்து ஆறு ஸ்டிக்கரையும் உரித்து இத்துடன் வைத்திருக்கிறேன். நேற்று ஜாம் பாட்டிலை மகளிடம் நீட்டி, "எனக்குத் திறக்க வரலடி, நீயே திற" என்றேன். அவள் அழுதுவிட்டாள். பைத்தியம்.

வெள்ளிக்கிழமை கடைக்கு வருகிறேன். அதற்குள் உன் மட்டைகளில் ஒட்டியதையும் உரித்து வை. மெஷின் முன்னால் நான் பத்துப் பந்து, நீ பத்துப் பந்து. எனக்கு என்ன எண் வந்தாலும் மூஞ்சிக்கு நேராகச் சொல். ஒன்று கூட்டிச் சொன்னாலும் காதைத் திருகிவிடுவேன். அதற்கு இந்தத் தோள் போதும்.

உன் அக்கா