லாண்ட்ரிக் கூரையில் நம்ம பங்கு

பாப்பாவுக்கு அம்மா எழுதறது. நானும் உங்கப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாம இருக்கோம், நீயும் மாப்பிள்ளையும் அங்க அதே மாதிரி இருக்கணும். போன்ல பேசினா பாதியிலயே நீ குறுக்க விழுந்துடுவே, அதான் கடிதம். முழுசாப் படிச்சுட்டு அப்புறமாக் கோபப்படு.

நீ சொன்னியேன்னு சோலார் கம்பெனி ஆளை வரச்சொன்னேன். மாடி ஏறிப் பார்த்தவர், பத்து மணிக்கு மேல உங்க மாடியில வெயிலே விழலையேம்மான்னார். எப்படி விழும், பக்கத்து வீட்டு கான்ட்ராக்டர் நாலு மாடி எழுப்பினதுல இருந்து நான் மத்தியானமே லைட்டைப் போட்டுத்தான் காய் நறுக்கறேன். அப்படியும் அந்த ஆள் கையெழுத்துப் போடுங்கன்னு பேப்பரை நீட்டினார். வெயில் இல்லாத மாடிக்கு சோலார் தகடு எதுக்குன்னு கேட்டேன், கொடுத்த டீயைப் பாதியில வச்சுட்டுக் கிளம்பிட்டார். ஆனா எனக்கு மனசு ஆறல. தெருக்கோடி லாண்ட்ரிக்கார அக்காவோட தகரக் கூரை காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் வெயில்ல சும்மா காயுது. அவங்ககிட்டப் போய்க் கேட்டேன், தாராளமா வைங்க, என் இஸ்திரிப் பெட்டிக்கும் ஒரு பங்கு கொடுங்கன்னுட்டாங்க. நம்மள மாதிரி நிழல்ல மாட்டினவங்க, வாடகைக்கு இருக்கறவங்கன்னு பதினாலு வீடு சேர்ந்தோம். தகடு எல்லாருக்கும் பொது, வர்ற கரண்ட்டை அவங்கவங்க பில்லுல பங்கு பிரிச்சுக் கழிச்சுக்கணும், அவ்வளவுதான் விஷயம்.

கரண்ட் ஆபீஸ் அதிகாரி மனுவை வாங்கவே இல்ல. சொந்தக் கூரை இருந்தா வாங்க, அடுத்தவங்க கூரைக்கெல்லாம் இங்க வழியில்ல, வீட்டுல ஆம்பளைங்க இருந்தா அனுப்புங்கன்னார். ஆம்பளை வெளிய செருப்புக்குக் காவல் நிக்கறார், சத்தம்னா அவருக்கு ஆகாது, எங்கிட்டயே சொல்லுங்கன்னேன். முடியாதுன்னா முடியாதுன்னு எழுதிக் கொடுங்கன்னேன், அதுக்கும் மாட்டேன்னார். நாலாவது தடவை போனப்போ அவர் முதுகுக்குப் பின்னாடி சுவத்துல காலண்டருக்கு அடியில ஒரு நோட்டீஸ் தெரிஞ்சுது. காலண்டரைத் தூக்கிப் பார்த்தா, பல வீடு சேர்ந்து ஒரே கூரையில சோலார் போடலாம், வாடகைக்கு இருக்கறவங்களும் சேரலாம்னு அவங்க ஆபீஸே ஒட்டினது! இருபத்தாறு வருஷம் பஸ் கண்டக்டரா இருந்து கடைசி சீட்டு வரைக்கும் கேக்கறமாதிரி கத்தின தொண்டை இது. முதல் வரியில இருந்து கடைசி வரி வரைக்கும் சத்தமாப் படிச்சேன். கியூவுல நின்ன ஒருத்தர் எங்க தெருவுக்கும் இது உண்டான்னு கேட்டார். அதிகாரி மனுவை வாங்கி சீல் வச்சார். வெளிய வந்தா உங்கப்பா, இங்க வரைக்கும் கேட்டுச்சுடின்னார். திட்டறார்னு நினைச்சேன், சிரிச்சிட்டிருந்தார்.

அப்புறம் கான்ட்ராக்டர், தகடு வெயிட்டுக்குக் கூரை இடிஞ்சு விழும்னு வீடு வீடாப் போய்ச் சொல்ல, மூணு வீட்டுக்காரங்க விலகிட்டாங்க. நான் கெஞ்சப் போகல. வெல்டரைக் கூப்பிட்டுக் கூரைக்கு அடியில இரும்புத் தூண் நிறுத்தினோம், இன்ஜினியர் வந்து பார்த்து சரின்னு எழுதிக் கொடுத்தார், அதை லாண்ட்ரி வாசல்லயே ஒட்டிட்டோம். போன திங்கக்கிழமை ஸ்விட்ச் போட்டாச்சு. பதினோரு வீட்டு ஜனமும் வெயில்ல நின்னு மீட்டரையே பார்த்துட்டிருந்தோம், பைத்தியக்காரங்க மாதிரி. எதிர்வீட்டு மாடியில வாடகைக்கு இருக்கற டீச்சர், என் பேர்ல இருக்கற முதல் சொத்து இதுதான்க்கான்னு அழுதுட்டா. லாண்ட்ரிக்கார அக்கா அந்தக் கரண்ட்டுல முதல்ல தேய்ச்சது கான்ட்ராக்டரோட வெள்ளைச் சட்டையை, வேணும்னேதான்.

இந்த வயசுல ஊர் வம்பு எதுக்கு, வீட்டை வித்துட்டு எங்களோட வந்துடுங்கன்னு நீ சொன்னதுக்கு என் பதில் இதுதான். பாசத்துல சொல்றே, எனக்குத் தெரியாதா. ஆனா யாரோ மறைச்சுக் கட்டினதுக்கு நான் வீட்டைக் காலி பண்ண மாட்டேன். வந்து ஒரு மாசம் உங்களோட இருப்போம், திரும்பிடுவோம்.

வேளாவேளைக்குச் சாப்பிடு, முதுகு வலிக்கு டாக்டரைப் பாரு. ரெண்டு பேரும் எந்தக் குறையும் இல்லாம நீண்ட நாள் நல்லா இருக்கணும். மறக்காம ஒண்ணு செய், நீங்க இருக்கற கட்டடத்தோட மொட்டை மாடி யார் பொறுப்புல இருக்குன்னு விசாரி. தர மாட்டேன்னு சொன்னா, எழுதிக் கொடுக்கச் சொல்லு.

உன் அன்பு
அம்மா