நாற்பது சுற்றில் ஓர் அருவி

ஜனவரி 6, திங்கள்

அருவியைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடப் போகிறார்கள். ஆணை வந்துவிட்டது. கிளார்க் வாசித்துக் காட்டினார், நான் நின்றுகொண்டே கேட்டேன். பதினோரு வருடத்துக்கு முன்பு தலைமை அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்தபோது, "ஐயா, இதை நாலு பேர் பார்க்கணும்" என்று அவர் காதில் போட்டு வைத்தவன் நான்தான். அவர் அப்போது ஜீப் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார். ஆனாலும் காதில் விழுந்துதான் இருக்கிறது. பெரிய இடத்தில் எதுவும் மெதுவாகத்தான் நகரும்.

மேலே தடுப்பணை. அங்கேதான் என் உத்தியோகமும், ஒற்றையாக ஒரு குவார்ட்டர்ஸும். ஆற்றை மொத்தமாக ஒரு குழாய் விழுங்கி, கீழே மின்நிலையத்தில் கொண்டுபோய்க் கக்குகிறது. நடுவில் அருவி இருந்த இடம் வெறும் பாறை. வெள்ளக் காலத்தில் மட்டும் தண்ணீர் வழியும். இனிமேல் சனி, ஞாயிறு இரண்டு நாளும் காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை பக்க மதகைத் திறந்து பாறைக்குத் தண்ணீர் விட வேண்டுமாம். திறப்பது யார்? அடியேன். கைச்சக்கரத்தை நாற்பது சுற்று சுற்றினால் அருவி. திருப்பிச் சுற்றினால் பாறை.

உயரம் தொண்ணூற்றிரண்டு அடி என்று ஆணையில் போட்டிருக்கிறது. முப்பத்து நான்கு வருடமாக நான் எல்லோரிடமும் முந்நூறு என்று சொல்லி வருகிறேன். அவர்கள் டேப்பை வைத்து அளந்திருக்கிறார்கள். டேப்புக்கு என்ன தெரியும்.

ஜனவரி 8, புதன்

இன்ஜினியர் வந்தார். பார்வை மேடையில் காவலுக்கு ஆள் வேண்டியிருக்கும் என்றார். என் அக்கா மகன் ஒருத்தன் இருக்கிறான், தங்கமான பையன் என்றேன். "பார்க்கலாம்" என்றார். முடிந்தது வேலை.

ஜனவரி 9, வியாழன்

வீட்டுக்காரிக்கு எதையும் கொண்டாடத் தெரியாது. "பார்க்கலாம்னுதானே சொன்னாரு?" என்றாள்.

"பெரிய மனுஷங்க பார்க்கலாம்னா பார்த்தாச்சுன்னு அர்த்தம்."

"ஒன்பது வருஷம் முன்னாடியும் இதையேதான் சொன்னீங்க."

அந்தப் பேச்சை அவள் எடுத்திருக்க வேண்டாம். அப்போது இதே அக்கா மகனுக்கு, என் மருமகனுக்கு, துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் பயிற்சிக்கு இடம் கிடைத்திருந்தது. "அவ்வளவு தூரம் எதுக்கு மாப்ள, இங்க மாமா இருக்கேன்ல" என்று நான்தான் தடுத்தேன். மின்நிலையத்து வேலைக்காக ஒன்றரை வருடம் காத்துக் கிடந்தான். வேலை வரவில்லை. துறைமுகத்திலும் வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து அக்கா என் வாசலை மிதிக்கவில்லை. போனில்கூட என் குரல் கேட்டால் வைத்துவிடுவாள். அவன் ஏதோ ஒரு கிடங்கில் மூட்டைகளுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருக்கிறான்.

அதைச் சரி செய்யத்தான் இந்த அருவியே வந்திருக்கிறது என்று தோன்றியது. சாயங்காலம் அவனுக்குப் போன் போட்டேன். காவல் வேலை விஷயத்தைச் சொன்னேன்.

"உறுதியா மாமா?"

"என்ன மாப்ள கேள்வி இது? ஆர்டர்லயே உன் பேர் ஏறிடுச்சு."

அதை ஏன் சொன்னேன்? தெரியவில்லை. உறுதியா என்று யாராவது கேட்டால் என் நாக்கு தானாக ஒரு படி மேலே ஏறி நின்றுகொள்கிறது.

ஜனவரி 21, செவ்வாய்

பாறைக்கு எதிரே கம்பித் தடுப்பு எழும்புகிறது. வெல்டிங் வைப்பவர்களுக்கு இரண்டு யோசனை சொன்னேன். ஒன்றைக் கேட்டார்கள் (தள்ளி நிற்கச் சொன்னேன், தள்ளி நின்றார்கள்). தையல்காரரிடம் மருமகனுக்குக் காக்கிச் சட்டை ஒன்று தைக்கக் கொடுத்தேன். அளவு கேட்டார். என்னைவிட ஒரு சாண் உயரம், சிங்கம் மாதிரி தோள் என்றேன். அவனைப் பார்த்து ஒன்பது வருடம் ஆகிறது.

பிப்ரவரி 3, திங்கள்

காவல் வேலையை ஒரு கம்பெனிக்குக் கொடுத்துவிட்டார்கள். ஆட்களைக் கம்பெனியே கொண்டுவருமாம். கிளார்க் காகிதத்தை வாசிக்கும்போது ஒரு இடத்தில் நின்று என்னைப் பார்த்தார். "மின்நிலைய ஊழியர்களின் உறவினர் எவரையும் பணியில் அமர்த்தக் கூடாது." சிபாரிசுத் தொல்லைக்குப் பயந்து போட்டிருக்கிறார்கள்.

இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னேன். வாசித்தார். அதேதான் இருந்தது.

"தூரத்துச் சொந்தம்னா?"

"தூரமும் கூடாதுண்ணே. உங்களுக்குத்தான் உலகமே சொந்தமாச்சே, அப்புறம் யாரைத்தான் எடுப்பாங்க" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு இன்ஜினியர் அறைக்குப் போனேன். "பார்க்கலாம்னுதானே சொன்னேன்?" என்றார். கோபமில்லை அவருக்கு. மறந்தே போயிருந்தார், நான் சொன்ன பிறகுதான் ஞாபகம் வந்தது.

பிப்ரவரி 4, செவ்வாய்

சொல்லிவிடலாம் என்றுதான் போன் போட்டேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவன் சொன்னான்: "மாமா, கிடங்கு வேலையை விட்டுட்டேன். வீட்டையும் இந்த மாசத்தோட காலி பண்றோம். அம்மா நம்பவே இல்ல. நான்தான் சொன்னேன், இந்தத் தடவை மாமா ஆர்டரைக் கண்ணால பார்த்துட்டாராம்னு."

"நல்லது மாப்ள" என்றேன்.

நல்லது என்றா சொன்னேன்? ஆமாம், அப்படித்தான் சொன்னேன்.

பிப்ரவரி 5, புதன்

சக்கரத்துக்கு கிரீஸ் போட்டேன். எழுத வேறு ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 27, வியாழன்

வந்துவிட்டார்கள். அவன், அவன் மனைவி, ஐந்து வயதில் ஒரு பெண் குழந்தை, மூன்று பைகள், ஒரு மின்விசிறி. அக்கா வரவில்லை. தங்கை முறையில் யாரோ ஒருத்தி வீட்டில் தங்கியிருக்கிறாளாம். "ஆர்டரைப் பார்த்துட்டு வர்றேன்னாங்க" என்றான். சிங்கம் மாதிரி தோள் என்று சொல்லியிருந்தேன், அது எங்கே போயிற்று? காக்கிச் சட்டைக்குள் இரண்டு பேர் நிற்கலாம். அவன் மனைவி கைகளை உள்ளே மடித்துத் தைத்துக் கொடுத்தாள்.

"ஆர்டர் எங்க மாமா?"

"தபால்ல வருது."

யார் வந்தாலும் கீழே ஊழியர் காலனிவரை கூட்டிக்கொண்டு போய் வீடு வீடாகக் காட்டுகிறவன் நான். இவர்களை யாருக்கும் காட்டவில்லை. காட்டினால் உறவினர் கூடாது என்கிற அந்த வரி வந்து நிற்கும். குழந்தை என்னைத் தாத்தா என்று கூப்பிட்டு, அருவி எவ்வளவு உயரம் என்று கேட்டது. வாயில் வந்த எண்ணைச் சொன்னேன். வீட்டுக்காரி எழுந்து உள்ளே போய்விட்டாள்.

மார்ச் 1, சனி

திறப்பு. கூட்டம் பத்தாயிரம் பேர். சரி, இருநூறு இருக்கும்.

சைரன் மூன்று தடவை ஊதிய பிறகு சக்கரத்தைப் பிடித்தேன். நாற்பது சுற்று. பத்துச் சுற்றில் தண்ணீர் யோசிக்கும். இருபதில் கிளம்பும். முப்பதுக்கு மேல் என் கையைக் கேட்காது. பாறை விளிம்பைத் தாண்டி அது விழுவதை மேலேயிருந்து பார்க்க முடியாது. முதுகுதான் தெரியும். கீழே இருந்து ஜனங்கள் போட்ட கூச்சலை வைத்துத்தான் அருவி வந்துவிட்டது என்று தெரிந்துகொண்டேன்.

மருமகன் காலை எட்டு மணிக்கே காக்கிச் சட்டையோடு இறங்கிப் போயிருந்தான். கம்பெனி ஆட்கள் நான்கு பேருக்கும் நீலச் சட்டை. அவர்கள் இவனை மின்நிலையத்து ஆள் என்று நினைத்துக்கொண்டார்கள். இன்ஜினியர் கம்பெனி ஆள் என்று நினைத்துக்கொண்டார். யாரும் யாரையும் கேட்கவில்லை. இப்படியே போய்விட்டால் போதும் என்று இருந்தது. இப்படியே எத்தனை நாள் போகும்?

மார்ச் 2, ஞாயிறு

அருவியில் அடித்துப் போக இருந்த ஐந்து பேரை மருமகன் காப்பாற்றினான்.

சரி, ஒருத்தரை. தொப்பை வைத்த ஒரு மனிதர், போட்டோ எடுக்கத் தடுப்பைத் தாண்டிப் பாறையில் இறங்கியிருக்கிறார். சைரன் ஊதியதும் அதையும் சேர்த்து வீடியோ எடுத்திருக்கிறார். நீலச் சட்டைகள் விசில் அடித்துக்கொண்டு நின்றார்களாம். இவன் இறங்கிப்போய் பெல்ட்டைப் பிடித்து, மூட்டை இழுப்பது மாதிரி இழுத்துப் போட்டிருக்கிறான். இழுத்து முடிக்கவும் அந்த இடத்தில் தண்ணீர். மேலே சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தவன் நான். எனக்கு எதுவும் தெரியாது.

கம்பெனி மேனேஜர் அவன் தோளில் தட்டிவிட்டு, "நீ எந்த சைடுப்பா?" என்று கேட்டாராம். வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தான். "நாளைக்குப் பேசலாம் மாப்ள, களைப்பா இருப்ப" என்றேன்.

மார்ச் 3, திங்கள்

காலையில் அவனே மேனேஜரைப் பார்க்கப் போய்விட்டான். மத்தியானம் வந்தான். சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டான். கத்துவான் என்று காத்திருந்தேன். கத்தியிருக்கலாம்.

"பேர் ஆர்டர்ல ஏறிடுச்சுன்னீங்களே மாமா."

ஒரு பெரிய விளக்கம் வைத்திருந்தேன். தலைமை அதிகாரி, இடையில் நடந்த சதி, எல்லாம் அதில் உண்டு. வாய் வரைக்கும் வந்தது. அவன் மனைவி முந்திக்கொண்டாள். "மாமாவைக் கேக்காதீங்க. அவருக்கு வாயில இருக்கிற ஆர்டர் ஆபீஸ்ல இருக்காது."

அவன் அவளை அடக்கிவிட்டு, மேனேஜர் தன்னை வேலைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொன்னான். தொப்பைக்காரர் நாலு பேருக்குப் போன் போட்டுப் புகழ்ந்திருக்கிறார். ஒரே ஒரு காகிதத்தில் மட்டும் கையெழுத்து வேண்டுமாம். மின்நிலையத்தில் சொந்தக்காரர் யாராவது உண்டா?

"இல்லைன்னு கையெழுத்துப் போட்டுட்டேன்."

"போட்டா என்ன மாப்ள, வெறும் காகிதம்தானே..."

"காகிதம் மட்டும் இல்ல மாமா. கண்டுபிடிச்சா அன்னைக்கே அனுப்பிடுவாங்க. வண்டி நிறுத்துற இடத்துல ஷெட் தர்றாங்க. சாயங்காலமே போறோம். இனிமே வழியில பார்த்தா பேசாதீங்க. யார்கிட்டயும் என்னைப் பத்திச் சொல்லாதீங்க. கோபத்துல சொல்லல. வேலைக்காகச் சொல்றேன்."

"கோபம் இல்லையா?"

"அது தனி."

ஐந்து மணிக்குப் போனார்கள். சேர்ந்து போனால் யாராவது பார்ப்பார்கள் என்று, அவன் மின்விசிறியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனான். குழந்தை திரும்பிக் கையை ஆட்டியது. அவள் அந்தக் கையைப் பிடித்து இறக்கினாள்.

மார்ச் 10, திங்கள்

கிளார்க் கேட்டார்: "அக்கா பையன் வர்றான்னீங்களே, என்னாச்சுண்ணே?"

"வரல."

அவர் இன்னும் காத்திருந்தார். என்னிடம் கேட்டால் ஒரு மணி நேரம் ஓடும் என்று அவருக்குத் தெரியும். டீயைக்கூடத் தள்ளி வைத்துவிட்டார். நான் வருகைப் பதிவில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிட்டேன். என் ஆயுசில் நான் சொன்ன பொய்களிலேயே இதுதான் சின்னது. ஜோடனை எதுவும் இல்லை. உடம்பெல்லாம் வலித்தது.

மார்ச் 23, ஞாயிறு

அக்கா வந்துவிட்டாள். ஷெட்டில்தான் இருக்கிறாள். குடிதண்ணீர்க் குழாயில் வீட்டுக்காரி பார்த்திருக்கிறாள். இரண்டு பேரும் தெரியாதவர்கள் மாதிரி குடத்தை வைத்து, தெரியாதவர்கள் மாதிரி மெதுவாகப் பேசியிருக்கிறார்கள். மருமகனுக்கு நீலச் சட்டை கொடுத்துவிட்டார்கள், அளவு சரியாக இருக்கிறது என்றாளாம். குழந்தையைப் பள்ளியில் சேர்த்தாயிற்றாம்.

"என்னைப் பத்தி?"

வீட்டுக்காரி குடத்தை இறக்கி வைத்தாள். "கேக்கல."

"நல்லா இருக்காரான்னு கூடவா?"

"கேக்கலங்க."

ஏப்ரல் 13, ஞாயிறு

காலையில் எதிரே வந்தான். பாதை அந்த இடத்தில் குறுகல், இரண்டு பேர் ஒதுங்கித்தான் போக வேண்டும். நான் ஒதுங்கினேன். "வணக்கம் சார்" என்றான். பின்னால் இன்னொரு நீலச் சட்டை வந்துகொண்டிருந்தது. நானும் வணக்கம் என்றேன். அவனுடைய முப்பது வயதில் இன்றுதான் முதல் தடவை அவனுக்கு வணக்கம் சொன்னேன்.

நன்றாகச் செய்கிறான். மேலேயிருந்து பார்த்தால் நீலப் பொட்டு மாதிரி தெரியும். கிழவர்களைக் கையைப் பிடித்து மேடையில் ஏற்றுகிறான். சைரனுக்கு முன்பே பாறையை ஒரு தடவை நடந்து பார்த்துவிடுகிறான். மற்ற நால்வரும் அப்படிச் செய்வதில்லை. இதில் நான் எதையும் கூட்டவில்லை. கூட்டுவதற்கு ஆசையாகக்கூட இல்லை.

மே 4, ஞாயிறு

ஆறு வற்றுகிறது. நாற்பது வேண்டாம், பதினைந்து சுற்று போதும் என்று இன்ஜினியர் சொல்லிவிட்டார். அடுத்த மாதம் நிலைமையைப் பார்த்து அருவியை நிறுத்தினாலும் நிறுத்துவார்களாம். நிறுத்தினால் கம்பெனி போகும். கம்பெனி போனால் ஷெட்டும் போகும். நான் ஏதாவது சொல்லிப் பார்க்கட்டுமா என்று வீட்டுக்காரியிடம் கேட்டேன். அவள் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

மே 25, ஞாயிறு

பதினைந்து சுற்று. பாறை நனைந்தது, அவ்வளவுதான். ஆனாலும் ஐம்பது அறுபது பேர் வந்திருந்தார்கள்.

ஒரு அம்மாவும் அவர் வயதான அப்பாவும் படியேறி மதகு வரைக்கும் வந்துவிட்டார்கள். சக்கரத்தைத் தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டார் பெரியவர். தொடச் சொன்னேன். எத்தனை வருஷமா இங்க இருக்கீங்க என்றார். முப்பத்து நாலு என்றேன். இந்த மாதத்தோடு ஓய்வு என்பதையும் சொன்னேன்.

அந்த அம்மா கீழே கை காட்டினார். "அதோ நீலச் சட்டை, ஓரத்துல நிக்கிறாரே. அப்பாவுக்கு மூச்சு வாங்குச்சு. அவரே நாற்காலி கொண்டுவந்து போட்டு, பத்து நிமிஷம் பக்கத்துலயே நின்னாரு. என்ன மாதிரி வளர்ப்பு பாருங்க. யாருங்க அவர், உங்களுக்குத் தெரிஞ்சவரா?"

"இல்லீங்க" என்றேன். "கம்பெனி ஆளு."

பெரியவருக்குப் படி இறங்கக் கை கொடுத்தேன். பிறகு பன்னிரண்டு மணி ஆகிவிட்டது. மதகை மூடினேன்.