சாக்கெட்டுக்குள் ஒட்டிய தோல்

ஆம்பூர்
ஞாயிறு மத்தியானம்

என் மகன் காசிக்கு, அம்மா எல்லம்மா எழுதுவது.

இங்கு எல்லோரும் நலம் என்று ஆரம்பிக்கத்தான் உட்கார்ந்தேன். கை வரவில்லை. விட்டுவிட்டேன்.

உன் ஃபேக்டரியில் வேலை செய்கிற இஷ்தியாக் அகமது லீவு முடிந்து புதன்கிழமை எத்தியோப்பியாவுக்குத் திரும்புகிறார். அவர் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். போனில் சொல்ல முடியாது. ஒரே ரூம் வீடு, சௌந்தர்யா காதில் விழும். நீயும் போனில் ‘பாப்பா எப்டி இருக்கா’ என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் வைத்துவிடுகிறாய். காகிதத்தை அப்படி வைக்க முடியாது.

விஷயம் இதுதான். உன் மகள் சௌந்தர்யாவின் காலில், வெட்டிய நுனியில், புண் வந்து உள்ளே போய்விட்டது. எலும்பைத் தொட்டிருக்கலாம் என்கிறார்கள். உடனே ஆஸ்பத்திரியில் சேர்த்து நரம்பில் மருந்து ஏற்றினால் முட்டியைக் காப்பாற்றலாம். தள்ளிப்போட்டால் முட்டிக்கு மேலே வெட்ட வேண்டி வரும். அவள் வர மாட்டேன் என்கிறாள். இன்றோடு ஆறு நாள்.

நீ அவளுக்கு ஆபரேஷன் முடிந்த இருபதாம் நாள் கிளம்பிப் போனவன். அப்புறம் நடந்தது உனக்குத் தெரியாது. வேலூரில் கால் செய்கிற இடத்துக்கு எட்டு மாதம் அவளோடு பஸ்ஸில் போய் வந்தேன். கால் செய்கிறவர் பெயர் பஞ்சாட்சரம். பொறுமைசாலி. அவர் சொல்லச் சொல்ல எல்லாப் பெயரையும் சௌந்தர்யாவின் நோட்டுக் கடைசியில் எழுதி வைத்தேன். மிச்சமிருக்கிற கால் ஸ்டம்ப். அது உள்ளே போய் உட்கார்கிற கூடு சாக்கெட். நடுவில் போடுகிற மெத்தென்ற உறை லைனர். பாரமெல்லாம் முட்டிச் சில்லுக்குக் கீழே இருக்கிற நாரில்தான் இறங்க வேண்டும், அதற்குப் பெயர் பட்டெல்லார் டெண்டன். எலும்பு நுனியில் இறங்கவே கூடாது. முட்டிக்குக் கீழே வெட்டினால் டிரான்ஸ்டிபியல், மேலே வெட்டினால் டிரான்ஸ்ஃபெமரல். ஒரு நாள் நான் கடகடவென்று ஒப்பித்ததும் பஞ்சாட்சரம் சிரித்து, ‘இன்னா ஆயா, அஞ்சாங்கிளாஸ்னு சொல்லி எங்கள ஏமாத்துறியா? நாளைலேர்ந்து கோட்டு போட்டுக்கினு வந்துடு’ என்றார். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் எனக்குத் தலைகால் புரியவில்லை. தெருவில் நாலு பேரிடம் சொன்னேன்.

அந்தத் திமிர்தான் இதைச் செய்தது காசி.

போன மாதம் அவளுக்கு ஷூ கம்பெனி ஆபீசில் கம்ப்யூட்டர் வேலை கிடைத்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். அதற்கு முந்தின வாரம் கால் கடிக்கிறது என்று அழுதாள். அவள் உடம்பு இளைத்ததில் சாக்கெட் தளர்ந்திருந்தது. வேலூரில் பன்னிரண்டு நாள் கழித்துத்தான் வரச் சொல்லியிருந்தார்கள். நான் இருபத்தாறு வருஷம் ஸ்கைவிங் மெஷினில் உட்கார்ந்தவள். தோல் ஓரத்தை வெங்காயத் தோல் மாதிரி சீவிக்கொடுத்த கை இது. எந்த ஷூ எங்கே கடிக்கும், எங்கே அணை வைத்தால் நிற்கும் என்று எனக்குத் தெரியாதா என்று நினைத்தேன். அவள் குளிக்கப் போயிருந்தபோது, மிருதுவான ஆட்டுத்தோல் லைனிங் துண்டு ஒன்றைச் சுற்றிலும் சீவி, சொல்யூஷன் தடவி, சாக்கெட்டின் அடியில் ஒட்டிவிட்டேன். உள்ளே இருட்டு, யாருக்கும் தெரியாது. எலும்பு நுனி வந்து உட்கார்கிற அதே இடம். கூடாது என்று என் கையாலேயே எழுதி வைத்த அதே இடம்.

இரண்டு நாள் ‘இன்னிக்குக் கடிக்கவே இல்ல ஆயா’ என்று குஷியாகப் போனாள். நாலாம் நாள் கொப்புளம். எட்டாம் நாள் நீர் கசிந்தது. நான் தோலைப் பிய்த்து அடுப்பில் போட்டுவிட்டுத்தான் அவளை வேலூருக்குக் கூட்டிப் போனேன்.

பஞ்சாட்சரம் சாக்கெட்டுக்குள் விரலை விட்டுத் தடவினார். என்னைப் பார்த்தார். ‘ஆயா, உள்ள எதுனா ஒட்னீங்களா?’ என்று மெதுவாகத்தான் கேட்டார். இல்லை என்றேன். அவ்வளவுதான், சௌந்தர்யா பாய்ந்துவிட்டாள். ‘நீங்க தப்பா செஞ்சிட்டு எங்க ஆயா மேல பழி போடுறீங்களா? உங்க கைக்கு இனிமே என் கால காட்டவே மாட்டேன்’ என்று அங்கே உட்கார்ந்திருந்த அத்தனை பேர் முன்னாலும் கத்தினாள். அவர் சாக்கெட்டைத் துடைத்து என் கையில் கொடுத்தார். நான் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன்.

அப்புறம் டாக்டர்கள் இரண்டு பேர் எக்ஸ்ரே படத்தை வைத்துக்கொண்டு, கிழவிக்கு என்ன தெரியும் என்று, என் எதிரிலேயே இங்கிலீஷில் பேசிக்கொண்டார்கள். ஒருவர் டிரான்ஸ்ஃபெமரல் என்றார். அந்த ஒரு வார்த்தையை மட்டும் படிக்காமல் இருந்திருக்கக் கூடாதா?

இப்போது அவளுக்கு அந்த ஆஸ்பத்திரி மேலேயே நம்பிக்கை போய்விட்டது. போனால் வெட்டத்தான் செய்வார்கள் என்கிறாள். ஜுரம் ஜாஸ்தியாகிறது. நான் உண்மையைச் சொன்னால் ஒருவேளை போவாள். ஆனால் சொன்ன பிறகு என் கையால் தண்ணீர்கூட வாங்க மாட்டாள். தாயில்லாத பெண். அவளைப் பிடித்துக்கொள்ள அந்த நேரத்தில் இன்னொரு ஆள் வேண்டும். நீ வந்ததும் சொல்லிவிடலாம் என்று பார்க்கிறேன். லெட்டர் கிடைத்த அன்றைக்கே கிளம்பு.

அம்மா
எல்லம்மா

வேலூர், ஆஸ்பத்திரி வராந்தா
சனிக்கிழமை

காசி,

இஷ்தியாக்குக்கு டிக்கெட் தள்ளிப்போய்விட்டது. நாளைக்குத்தான் போகிறாராம். அதனால் இந்தத் தாளையும் அதே கவருக்குள் வைக்கிறேன்.

உனக்காகக் காத்திருக்க முடியவில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் கட்டுப் பிரித்தபோது வந்த வாடையில் எனக்கு உயிரே இல்லை. கட்டு மாற்றிவிட்டு அவள் எதிரே தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஆட்டுத்தோல், சொல்யூஷன், அடுப்பு, எல்லாம்.

அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் போர்வையை இழுத்து ஸ்டம்பை மூடினாள். அப்புறம், ‘நீ ஒட்னத விடு ஆயா. நான் வலின்னு அழுதேன், நீ ஒட்ன. அவர் கேட்டாரே, அப்போ ஏன் இல்லன்னு சொன்ன? நான் உனக்காக அவ்ளோ பேர் எதிர்ல அவர திட்னேனே’ என்றாள். ஐந்தாங்கிளாஸ் படித்தவள் டாக்டர் மாதிரி பேசுகிறாள் என்று பெயர் வாங்கியவள், அதே வாயால் எப்படி ஒப்புக்கொள்வேன்? அதைக்கூட அவளிடம் சொல்லவில்லை. உன்னிடம் சொல்கிறேன்.

அவளே பஞ்சாட்சரத்துக்குப் போன் போட்டாள். மன்னிப்புக் கேட்டாள். அவர், ‘அத அப்புறம் பேசிக்கலாம்மா, மொதல்ல கெளம்பு. வாசல்ல நிக்கிறேன்’ என்றாராம். சொன்னபடியே வீல்சேரோடு நின்றிருந்தார். என்னிடமும் கோபம் காட்டவில்லை. காட்டியிருக்கலாம்.

புண்ணை அறுத்துச் சுத்தம் செய்துவிட்டார்கள். எலும்பில் ஒரு சின்னத் துண்டு கெட்டிருந்ததாம், அதை எடுத்திருக்கிறார்கள். இரண்டு கையிலும் மாற்றி மாற்றி மருந்து ஏறுகிறது. முட்டி நிற்குமா என்று பத்து நாள் கழித்துத்தான் சொல்வார்களாம். முதலிலேயே வந்திருந்தால் என்று பெரிய டாக்டர் ஆரம்பித்தார். என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

சௌந்தர்யா என்னைக் கட்டில் பக்கம் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். நான் வெளியே பெஞ்சில் இருக்கிறேன். சோறு கொண்டுபோய் நர்ஸ் கையில் கொடுத்தால் சாப்பிடுகிறாள். அவள் பக்கத்தில் இருக்கிற ஸ்டூலில் நாலு நாளாக யாரும் உட்காரவில்லை.

நேற்று சாயங்காலம் கதவோரம் நான் நிற்பதைப் பார்த்துவிட்டு, உள்ளேயிருந்தே ஒன்று கேட்டாள். அவள் என்னிடம் பேசியது நாலு நாளில் அந்த ஒரு தடவைதான். ‘ஆயா, அப்பா என்ன வெறுத்துட்டு வரலியா, பயந்துகினு வரலியா?’

அன்றைக்கு பைபாஸில் லாரி திரும்பியபோது அவளைப் பின்னால் உட்கார வைத்து வண்டி ஓட்டியவன் நீ. அவளுக்குக் கால் போனது, உன்மேல் ஒரு கீறல்கூட இல்லை. நீ ஏன் ஓடினாய் என்று எனக்குத் தெரியும். ஓடாமல் இங்கேயே இருந்த நான் செய்ததைத்தான் மேலே படித்தாயே. உன்னைக் கேட்க எனக்கு வாய் கிடையாது.

பயம்தான்மா என்று அவளுக்குச் சொல்லியிருக்கிறேன். வெறுப்பு இல்லை, பயம்தான், வந்துவிடுவான் என்று சொல்லியிருக்கிறேன். இந்தப் பிள்ளையிடம் இன்னொரு பொய் சொன்னவளாக என்னை ஆக்கிவிடாதே ராஜா. நீ எதுவும் பேச வேண்டாம். மன்னிப்பும் கேட்க வேண்டாம். வந்து அந்த ஸ்டூலில் உட்கார்ந்தால் போதும்.

எல்லையம்மன் உன்னை நல்லபடியாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

வார்டு வாசலில் இருக்கும்
அம்மா